குடற்சுவரின் காவலர்கள்



கோடைக்காலத்தில் இரவு மீந்த குழம்பைச் சூடு செய்யாமல் அடுப்படியில் வைத்துவிட்டால் காலையில் என்ன ஆகிறது? மேலே நுரை கட்டுகிறது. புளித்த வாடை வீசுகிறது. பாக்டீரியாக்கள் பெருகிவிட்டன என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ஈரம், உணவு, இதமான வெப்பம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

இந்த மூன்றும் ஒருநாளும் குறையாத ஓர் இடம் உங்களிடமே இருக்கிறது. அதுதான் உங்கள் குடல். வெப்பம் எப்போதும் 37 டிகிரி செல்சியஸ்; ஈரத்திற்குப் பஞ்சமில்லை; உணவோ நாள் தவறாமல் வந்து சேர்கிறது. அங்கே பாக்டீரியாக்கள் குடியேறாமல் இருக்குமா? உண்மையிலேயே குடியேறியிருக்கின்றன. ஒரு மனித உடலில் வாழும் பாக்டீரியாக்கள் சுமார் 38 இலட்சம் கோடி என்று 2016இல் வெளியான ஒரு கணக்கு கூறுகிறது. நம் உடலின் சொந்தச் செல்களோ ஏறத்தாழ 30 இலட்சம் கோடிதான்! அந்தப் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. பெருங்குடலில் உள்ள பொருளில் ஒரு கிராம் எடுத்தால், அதில் 10,000 கோடி அளவில் பாக்டீரியாக்கள் இருக்கும்.

அப்படியானால் குழம்பு கெட்டதுபோல் நாம் ஏன் கெட்டுப்போகவில்லை? இத்தனை நுண்ணுயிர்களும் குடற்சுவரைத் துளைத்து இரத்தத்திற்குள் ஏன் பாயவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோம். அந்த விடையின் மறுபக்கத்தில் இலட்சக்கணக்கான மக்களை வாட்டும் ஒரு நோயின் புதிரும் ஒளிந்திருக்கிறது.

ஒரு செல் தடிப்புள்ள சுவர்

முதலில் சுவரைப் பார்ப்போம். உங்கள் தோல் பல அடுக்குச் செல்களால் ஆனது. மேலடுக்கில் இறந்த செல்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கப்பட்டுள்ளன. குடலின் உட்புறம் அவ்வாறன்று. செரித்த உணவை உறிஞ்சிக்கொள்ள வேண்டுமானால் சுவர் மெல்லியதாக இருந்தாக வேண்டும். எனவே அங்கே உயிருள்ள செல்கள் ஒரே ஒரு வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையின் உயரம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே. உங்கள் தலைமுடியின் தடிப்பைவிடவும் குறைவு!

இவ்வளவு மெல்லிய சுவரின் பரப்பு மட்டும் சிறியதன்று. மடிப்புகளையும் குடலுறிஞ்சிகளையும் விரித்துப் பார்த்தால் சுமார் 30 சதுர மீட்டர் வரும். ஆறு மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள ஒரு வகுப்பறையின் தரை முழுவதும் பரப்பலாம். ஒரு பக்கம் கோடானுகோடி பாக்டீரியாக்கள். மறுபக்கம் உங்கள் இரத்தம். இடையே இந்த ஒற்றை வரிசைச் செல்கள்.

இந்தச் செல்கள் நான்கைந்து நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதியவை அவற்றின் இடத்திற்கு வருகின்றன. பழுதான செங்கல்லை உடனுக்குடன் மாற்றும் இந்த ஏற்பாடே ஒரு பாதுகாப்புத்தான். ஆனால் அது மட்டும் போதாது. சுவருக்கு முன்னால் ஓர் அகழியும், சுவருக்குள்ளேயே ஆயுதம் ஏந்திய காவலரும் தேவை. இரண்டும் இருக்கின்றன.

இரு வகைக் காப்பு

காவலர்களைச் சந்திப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நம் உடலின் நோய்த் தடுப்பு இரண்டு வகைப்படும்.

ஒன்று, கற்றுக்கொள்ளும் காப்பு. ஒரு கிருமியை முதன்முறை சந்தித்தபின் அதன் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுறை வரும்போது பிடிப்பது. தடுப்பூசி போடுவது இந்தக் காப்புக்குப் பாடம் கற்பிக்கத்தான். ஆனால் புதிய கிருமியை எதிர்க்க அதற்குச் சில நாள்கள் தேவைப்படும்.

மற்றொன்று, பிறவிக் காப்பு. பாடம் எதுவும் கற்காமல் பிறக்கும்போதே உடன் வருவது. வந்திருக்கும் பாக்டீரியாவின் பெயர் என்ன என்று அது விசாரிப்பதில்லை. பாக்டீரியாக்கள் எல்லாவற்றிற்கும் பொதுவாக உள்ள சில உறுப்புகளைக் கண்டதும் நொடியில் தாக்கும். செடி, பூச்சி, தவளை, மனிதன் என எல்லா உயிர்களிடமும் இது உண்டு. குடலில் பகலிரவாகப் பணி செய்வது பெரும்பாலும் இந்தப் பிறவிக் காப்புத்தான்.

முதல் அரண்: சீதம்

சீதபேதி என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அதில் வரும் 'சீதம்' என்ன? குடலின் உட்புறத்தைப் பூசி நிற்கும் வழவழப்பான கூழ்ப்பொருளே அது. குடற்சுவரில் ஆங்காங்கே கோப்பை வடிவச் செல்கள் உள்ளன. அவை மியூசின் என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. இந்தப் புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள், குப்பி துலக்கும் தூரிகையின் மயிர்கள்போல் அடர்ந்து நிற்கும். அந்தச் சங்கிலிகள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்வதால் மியூசின் பல மடங்கு உப்பிக் கூழாகிவிடுகிறது.

பெருங்குடலில் இந்தச் சீதம் இரண்டு அடுக்காக இருக்கிறது. வெளியடுக்கு தளர்ந்தது, பாக்டீரியாக்கள் அதில் வாழ்கின்றன. உள்ளடுக்கு நெருக்கமானது, அதில் பாக்டீரியாக்கள் இல்லை என்றே சொல்லலாம். சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் குன்னார் ஹான்சன் குழுவினர் இதை 2008இல் எலிகளிடம் எடுத்துக் காட்டினர். மியூசின் உண்டாக்கும் ஜீன் நீக்கப்பட்ட எலிகளில் பாக்டீரியாக்கள் நேராகச் செல்களின்மேல் வந்து ஒட்டிக்கொண்டன. அந்த எலிகளுக்குப் பெருங்குடலில் அழற்சியும் உண்டாயிற்று.

செய்து பாருங்கள்

சீதம் பாக்டீரியாவைத் தடுத்து, செரித்த உணவை மட்டும் எப்படி உள்ளே விடுகிறது? வீட்டிலேயே ஒரு மாதிரியைக் காணலாம்.

சர்பத்தில் போடும் சப்ஜா விதையை (திருநீற்றுப் பச்சிலை விதை) ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு குவளைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் ஒரு கூழ் வளையம் தோன்றும். மியூசினைப் போலவே இதிலும் சர்க்கரைச் சங்கிலிகள்தாம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன.

இரண்டு வெள்ளைத் தட்டுகளில் சில விதைகளைச் சிறிது தண்ணீருடன் பரப்புங்கள். முதல் தட்டில், படம் வரையப் பயன்படும் இந்திய மையில் சில துளிகள் விட்டு மெதுவாகக் கலக்குங்கள். அந்த மையின் கறுப்பு, தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய கரித் துகள்களால் வருவது. இரண்டாவது தட்டில், கேசரிக்குப் போடும் நிறப்பொடியைக் கரைத்து ஊற்றுங்கள். இது தண்ணீரில் முழுவதும் கரைவது.

சற்றுப் பொறுத்துப் பாருங்கள். முதல் தட்டில் சுற்றிலும் கறுத்திருக்க, விதைகளைச் சுற்றி மட்டும் வெள்ளை வளையம் இருக்கும். கரித் துகள்களால் கூழுக்குள் நுழைய முடியவில்லை. இரண்டாவது தட்டில் சிறிது நேரத்தில் வளையத்திலும் நிறம் ஏறிவிடும். கரைந்த பொருளின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. கூழின் இடுக்குகள் வழியே அவை போய்விடுகின்றன.

குடலிலும் இதே கதைதான். குளுக்கோசும் அமினோ அமிலங்களும் நிறப்பொடியைப் போன்றவை. பாக்டீரியாவோ கரித் துகளைப் போன்றது. சீதம் ஒரு சல்லடை.

இரண்டாவது அரண்: குழிகளில் ஒளிந்த காவலர்

சிறுகுடலில் ஒரு சிக்கல் உண்டு. உணவை உறிஞ்சும் வேலை அங்கேதான் நடைபெறுகிறது. ஆகவே அங்குள்ள சீதம் ஒரே அடுக்கு, அதுவும் தளர்ந்தது, பாக்டீரியாக்கள் ஓரளவு ஊடுருவக்கூடியது. அகழி ஆழமில்லாத இடத்தில் காவலரை அதிகமாக நிறுத்தத்தானே வேண்டும்?

குடலுறிஞ்சிகளின் அடிவாரத்தில் குறுகலான சிறு குழிகள் உள்ளன. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானிய அறிஞர் லீபர்கூன் பெயரால் இவை லீபர்கூன் குழிகள் எனப்படுகின்றன. குழியின் அடியில், புதிய செல்களை ஈன்றுகொண்டே இருக்கும் மூலச் செல்கள் இருக்கின்றன. அவற்றின் இடையிடையே பருத்த சில செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஆஸ்திரிய உடலியல் அறிஞர் ஜோசப் பேனத் 1888இல் இவற்றை விரிவாக விளக்கி எழுதினார். எனவே இவை பேனத் செல்கள் எனப்பட்டன. பேனத் 1890இல் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். தாம் கண்ட செல்களின் வேலை என்ன என்பது அவருக்குத் தெரியாமலே போயிற்று.

பேனத் செல்களின் உள்ளே பெரிய பெரிய மணிகள் நிறைந்திருக்கும். மற்றச் செல்கள் நான்கைந்து நாளில் உதிர்ந்துவிட, இவை மட்டும் ஒரு மாதத்திற்கும் மேலாக வாழும். எல்லாச் செல்களும் குழியிலிருந்து மேல்நோக்கி நகர, இவை மட்டும் கீழ்நோக்கி வரும். அந்த மணிகளில் இருப்பது என்ன? அதை அறிய ஒரு மூக்கு, ஒரு பூச்சி, ஒரு தவளை ஆகிய மூன்றின் கதையும் தெரிய வேண்டும்.

மூக்கு, பூச்சி, தவளை

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கை நீங்கள் அறிவீர்கள். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1921இல், அவர் மற்றொன்றைக் கண்டுபிடித்தார். ஒருநாள் சளி பிடித்திருந்தபோது தம் மூக்குச் சளியைப் பாக்டீரியா வளரும் தட்டில் இட்டுப் பார்த்தார். சளி இருந்த இடத்தைச் சுற்றிலும் பாக்டீரியாக்கள் கரைந்துபோயின! கண்ணீரிலும் முட்டை வெண்கருவிலும் இதே பொருள் இருந்தது. ஆராய்ச்சிக்குக் கண்ணீர் சேர்க்க எலுமிச்சைத் தோலைக் கண்ணில் பிழிந்துகொண்டார்களாம்! (நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.) அந்தப் பொருளுக்கு அவர் இட்ட பெயர் லைசோசைம். பாக்டீரியாவின் செல்சுவரை அறுக்கும் நொதி அது. பேனத் செல்களின் மணிகளில் உள்ள ஆயுதங்களுள் இதுவும் ஒன்று.

அடுத்தது பூச்சி. பூச்சிகளுக்கு நம்மைப்போல் கற்றுக்கொள்ளும் காப்பு இல்லை. ஆனாலும் அழுகிய இலைகளுக்கிடையே அவை நலமாக வாழ்கின்றன. சுவீடனைச் சேர்ந்த ஹான்ஸ் போமன், ஒரு பெரிய அமெரிக்கப் பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுக்களுக்குள் பாக்டீரியாவைச் செலுத்தினார். புழுவின் உடல்நீரில் பாக்டீரியாவைக் கொல்லும் சிறு புரதங்கள் தோன்றின. 1981இல் அவற்றின் அமைப்பை வெளியிட்டு செக்ரோபின் என்று பெயரிட்டார்.

பிறகு தவளை. அமெரிக்காவில் மைக்கேல் சாஸ்லாஃப் என்ற மருத்துவ அறிஞர் ஆப்பிரிக்கத் தவளைகளின் வயிற்றைக் கீறிச் சினைமுட்டைகளை எடுத்து ஆராய்ந்துவந்தார். கீறலைத் தைத்தபின் தவளைகளை மறுபடியும் தொட்டியில் விடுவார். தொட்டித் தண்ணீரோ அழுக்கு. எனினும் புண்கள் சீழ் பிடிக்காமல் ஆறின. எத்தனையோ பேர் இதைப் பார்த்திருப்பார்கள். அவர் ஏன் என்று கேட்டார். தவளையின் தோலிலிருந்து 23 அமினோ அமிலங்கள் கொண்ட கிருமிக்கொல்லிகளைப் பிரித்தெடுத்து 1987இல் அறிவித்தார். கேடயம் என்று பொருள்படும் ஹீப்ரு மொழிச் சொல்லிலிருந்து மகாயினின் என்று பெயர் வைத்தார்.

இதற்கிடையே 1985இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இராபர்ட் லேரர், தாமஸ் கான்ஸ், மைக்கேல் செல்ஸ்டெட் ஆகியோர் மனித இரத்த வெள்ளணுக்களிலும் இத்தகைய சிறு புரதங்களைக் கண்டு டிஃபென்சின் எனப் பெயரிட்டனர். சில ஆண்டுகளில் ஆந்த்ரே உவெலெட் என்பவர் எலியின் குடற்குழிகளில் இதே இனப் புரதம் இருப்பதைக் கண்டார். 1992இல் மனிதப் பேனத் செல்களிலும் டிஃபென்சின் உண்டாவது தெரிந்தது. பேனத் வினவ முடியாமல் போன கேள்விக்கு நூறாண்டு கழித்து விடை கிடைத்துவிட்டது.

டிஃபென்சின் எப்படிக் கொல்கிறது?

டிஃபென்சின் மிகச் சிறிய புரதம். பேனத் செல்களில் மிகுதியாக உள்ள ஐந்தாம் எண் டிஃபென்சினில் 32 அமினோ அமிலங்களே உள்ளன. அதன்மேல் நேர்மின்னேற்றம் மிகுந்திருக்கும். பாக்டீரியாவின் மேற்பரப்போ எதிர்மின்னேற்றம் கொண்டது. நேரும் எதிரும் ஈர்க்கும் என்பது நீங்கள் படித்த பாடம். எனவே டிஃபென்சின் பாக்டீரியாவை நாடிச்சென்று ஒட்டிக்கொள்கிறது. பிறகு அதன் மெல்லிய சவ்வுக்குள் புகுந்து அதைச் சிதைக்கிறது. உள்ளிருப்பவை வெளியே கசியப் பாக்டீரியா மடிகிறது.

நம் சொந்தச் செல்களை அது ஏன் கொல்வதில்லை? நம் செல்களின் வெளிச்சவ்வில் மின்னேற்றம் மிகக் குறைவு. அத்துடன் கொலஸ்டிரால் கலந்திருப்பதால் சவ்வு உறுதியாகவும் இருக்கிறது. இவ்வளவு எளிய வேறுபாட்டை வைத்துக்கொண்டு நண்பன் யார், அயலான் யார் என்று பிரிக்கிறது நம் பிறவிக் காப்பு!

ஆறாம் எண் டிஃபென்சினின் வழி வேறு. அது கொல்வதே இல்லை. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகப் பின்னிப் பாக்டீரியாவைச் சிக்க வைக்கிறது. இது 2012இல் தெரியவந்தது.

இந்த ஆயுதங்கள் எப்போது எறியப்படுகின்றன? எலியின் குடற்குழிகளைத் தனியே பிரித்தெடுத்துப் பாக்டீரியாவைக் காட்டியபோது பேனத் செல்கள் சில நிமிடங்களில் மணிகளைக் கொட்டின என்று 2000ஆம் ஆண்டில் கண்டனர்.

இங்கே ஒரு ஐயம் எழலாம். அப்படியானால் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களும் அழிந்துவிடாவா? அவை நமக்கு வைட்டமின் தருபவை ஆயிற்றே! சுரந்த கிருமிக்கொல்லிகள் சீதத்தில் தங்கி, சுவரை ஒட்டியே செறிந்திருக்கின்றன. குடலின் நடுப்பகுதிக்குச் செல்லச்செல்லச் செறிவு குறைகிறது. அமெரிக்காவில் லோரா ஹூப்பர் குழுவினர் எலியின் சிறுகுடலில் ஒரு கிருமிக்கொல்லிப் புரதத்தை ஆராய்ந்தனர். அது பாக்டீரியாவுக்கும் சுவருக்கும் இடையே சுமார் 50 மைக்ரான் அகலமுள்ள வெற்றிடத்தைக் காத்து நிற்கிறது என்று 2011இல் அறிவித்தனர். அந்தப் புரதம் இல்லாத எலிகளில் இடைவெளி மறைந்துபோயிற்று. ஆக, காவலரின் வேலை ஊரை அழிப்பதன்று, எல்லைக்கோட்டைக் காப்பதே.

கோட்டை தளர்ந்தால்

எல்லைக்கோடு காக்கப்படாவிட்டால்? பாக்டீரியாக்கள் சுவரை நெருங்கும். உள்ளேயிருக்கும் வெள்ளணுக்கள் அபாயம் என்று எண்ணிப் படையெடுக்கும். இரத்தம் பாயும், திசு வீங்கும், புண்ணாகும். இதுவே அழற்சி. தொற்று வந்து நீங்கினால் அழற்சியும் அடங்கிவிடும். ஆனால் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் என்றும் நீங்கப்போவதில்லையே! எனவே போரும் ஓய்வதில்லை. ஆண்டுக்கணக்கில் அடங்கியும் கிளர்ந்தும் தொடரும் இந்நிலையே குடல் அழற்சி நோய்.

இதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, பெருங்குடல் புண் அழற்சி. 1859இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் இதை விவரித்தார். இது மலக்குடலில் தொடங்கி இடைவெளியின்றி மேல்நோக்கிப் பரவும். பெருங்குடலின் உள்ளடுக்கை மட்டும் தாக்கும். மற்றொன்று, குரோன் நோய். 1932இல் நியூயார்க் நகரில் பரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் இதை அறிவித்தனர். இது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். ஓரிடம் விட்டு ஓரிடமாகத் தோன்றும். சுவரின் முழுத் தடிப்பையும் தாக்கும். ஆனால் இது மிகுதியாக வரும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி.

சிறுகுடலின் கடைசிப் பகுதியா? பேனத் செல்கள் நிறைந்த இடமல்லவா அது! பெருங்குடலில் அழற்சி வந்தவர்களிடம் பார்த்தாலோ, அங்கே சீதம் சுரக்கும் கோப்பைச் செல்கள் வெறுமையாகிக் கிடக்கின்றன. நோய் தீவிரமாக இருக்கும்போது பாக்டீரியாக்கள் உள்ளடுக்குச் சீதத்தையும் ஊடுருவியிருப்பது காணப்பட்டது. எந்த இடத்தில் எந்தக் காவலர் நின்றாரோ, அங்கே அவரிடமே குறை தென்படுகிறது. இது தற்செயலா?

2001ஆம் ஆண்டுத் துப்பு

2001இல் ஒரு பெரிய துப்புக் கிடைத்தது. பிரான்சில் ஒரு குழுவும் அமெரிக்காவில் ஒரு குழுவும் தனித்தனியே ஆராய்ந்து ஒரே ஜீனைச் சுட்டிக்காட்டின. 16ஆம் குரோமோசோமில் உள்ள அந்த ஜீனின் பெயர் நாட்-2. பாக்டீரியாவின் செல்சுவரிலிருந்து உதிரும் ஒரு துணுக்கைக் கண்டறியும் உணர்வுப் புரதத்தை அது உண்டாக்குகிறது. காவற்காரன் வீட்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்களேன். குரோன் நோயாளிகள் பலரிடம் இந்த மணி பழுதுபட்டிருந்தது. இந்த ஜீன் செயல்படும் இடங்களுள் பேனத் செல்லும் ஒன்று என்பதும் பின்னர் தெரிந்தது.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் யான் வேகாம்ப், எட்வர்ட் ஸ்டாங்கே ஆகியோரும் அமெரிக்காவில் சார்லஸ் பெவின்ஸும் சேர்ந்து நோயாளிகளின் குடல் திசுவைச் சோதித்தனர். சிறுகுடலில் குரோன் நோய் உள்ளவர்களிடம் பேனத் செல் டிஃபென்சின்கள் குறைந்திருப்பதாக 2005இல் தெரிவித்தனர். காவலரிடம் ஆயுதம் போதவில்லை. அதனால் பகைவர் புகுந்தனர் என்பது அவர்கள் விளக்கம்.

முட்டையா, கோழியா?

இத்துடன் கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அறிவியலில் அடுத்த கேள்விதான் முக்கியம். டிஃபென்சின் குறைந்ததால் அழற்சி வந்ததா? அல்லது அழற்சி வந்ததால் டிஃபென்சின் குறைந்ததா? வீடு பற்றி எரிந்தபின் காவற்காரன் இல்லை என்று கண்டால், அவன் இல்லாததால் தீப்பிடித்ததா, தீயினால் அவன் ஓடிவிட்டானா என்று எப்படிச் சொல்வது?

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர அறிஞர்கள் 2008இல் இந்த இரண்டாவது வாதத்தையே முன்வைத்தனர். அழற்சியால் செல்கள் அழிந்த இடத்தில்தான் டிஃபென்சின் குறைகிறது; நாட்-2 பழுதுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றனர். இரு தரப்பிலும் சான்றுகள் உள்ளன. ஒன்றாகக் காணப்படும் இரண்டில் ஒன்று மற்றதற்குக் காரணமாகத்தான் இருக்கும் என்று கொள்ளக்கூடாது என்ற பாடத்தை இந்த விவாதம் நமக்குச் சொல்லித் தருகிறது.

மற்றொரு ஆய்வு இன்னும் சுவையானது. குரோன் நோயுடன் தொடர்புடைய வேறொரு ஜீன் பழுதான எலிகளை அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் வளர்த்தனர். அவற்றின் பேனத் செல்களில் மணிகள் தாறுமாறாக இருந்ததாக 2008இல் அறிவித்தனர். பிறகு அதே ஜீன் பழுதுள்ள எலிகளை மேலும் தூய்மையான ஒரு கூடத்தில் வளர்த்தபோது பேனத் செல்கள் ஒழுங்காகவே இருந்தன! ஜீன் மாறவில்லை, மாறியது கூடம் மட்டுமே. முன்னைய கூடத்தில் இருந்து இங்கே இல்லாதது எது? எலிகளிடம் சாதாரணமாகக் காணப்படும் ஒரு வைரஸ். அந்த வைரஸைப் புகட்டியதும் மணிகள் மறுபடி குலைந்தன. இது 2010இல் வெளிவந்தது. பழுதான ஜீன் மட்டுமிருந்தால் நோயில்லை. வைரஸ் மட்டுமிருந்தாலும் நோயில்லை. இரண்டும் சேர்ந்தபோதே தொல்லை.

மனிதரிடமும் அப்படித்தான். நாட்-2 ஜீன் பழுதானவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. ஜப்பானியக் குரோன் நோயாளிகளிடம் ஐரோப்பியரிடையே காணப்படும் அந்த நாட்-2 பழுதுகள் காணப்படவில்லை. இந்நோயுடன் தொடர்புடைய 200க்கும் மேற்பட்ட ஜீன் பகுதிகள் இதுவரை தெரியவந்துள்ளன. கோட்டை பல இடங்களில் பலவாறு தளரக்கூடும்.

காவலருக்கு நாம் என்ன செய்யலாம்?

இரண்டு ஆய்வுகளைக் கவனியுங்கள்.

1. எலிகளுக்குப் பல வகைப் பாக்டீரியாக்களைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தபோது, குடற்சுவரின் கிருமிக்கொல்லிப் புரதம் குறைந்துபோயிற்று. மருந்துக்கு அடங்காத கிருமிகள் எளிதில் பெருகின. இது 2008இல் வெளியானது. குடியிருக்கும் பாக்டீரியாக்களின் அரவம்தான் காவலரை விழிப்பாக வைத்திருக்கிறது! ஆகவே சாதாரணச் சளிக்கெல்லாம் மருந்துக்கடையில் நாமே கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது தவறு. மருத்துவர் சொன்னால் மட்டும், சொன்ன அளவில் சாப்பிட வேண்டும்.

2. எலிகளின் உணவிலிருந்து நார்ப்பொருளை நீக்கியபோது, சில குடல் பாக்டீரியாக்கள் பசி தாங்காமல் சீதத்தின் சர்க்கரைச் சங்கிலிகளையே தின்னத் தொடங்கின; அரண் மெலிந்தது. இது 2016இல் தெரியவந்தது. கீரை, அவரை, பயறு, கேழ்வரகு ஆகியவற்றைத் தட்டில் ஒதுக்கிவைக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எலியில் கண்டதெல்லாம் மனிதரிடம் அப்படியே நிகழும் என்று சொல்ல முடியாது. எனினும் இரண்டும் நல்ல பழக்கங்களே.

குடல் அழற்சி நோய் மேலை நாடுகளின் நோய் என்று கருதப்பட்ட காலம் உண்டு. தொழில் வளரும் ஆசிய நாடுகளில் அது பெருகிவருகிறது. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. நம் நாட்டில் மருத்துவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. குடலில் வரும் காசநோயும் குரோன் நோயும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் மருத்துவம் நேர் எதிரானது. குரோன் நோய்க்கான பல மருந்துகள் தடுப்பாற்றலைத் தணிப்பவை. காசநோய் இருப்பவருக்கு அவற்றைக் கொடுத்தால் நோய் முற்றிவிடும். எனவே பிரித்தறிவது உயிர் காக்கும் வேலை.

இந்நோய் பள்ளி வயதிலும் வரும். வாரக்கணக்கில் நீங்காத வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், ஓயாத வயிற்றுவலி, எடை குறைதல், வயதுக்கேற்ற வளர்ச்சியின்மை ஆகியவை இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும். முற்றிலும் ஒழித்துக்கட்டும் மருந்து கிடையாது. ஆயினும் அழற்சியை அடக்கி வைக்கும் நல்ல மருந்துகள் உள்ளன. அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிடித்து முடக்கும் மருந்து 1998லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உரிய மருத்துவம் பெறுபவர்கள் படித்து, விளையாடி, வேலை பார்த்து வாழ்கிறார்கள்.

இன்னொன்று. இது ஒட்டுவாரொட்டி நோயன்று. உங்கள் வகுப்பில் ஒரு மாணவர் பாடத்தின் நடுவே அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்கிறார் என்றால் சிரிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவரில், ஓயாத ஒரு போரை அவர் சுமந்துகொண்டிருக்கக் கூடும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. சப்ஜா விதைச் சோதனையில் இந்திய மைக்குப் பதிலாகச் சுண்ணக்கட்டித் தூளைப் பயன்படுத்தினால் என்ன காண்பீர்கள்? ஏன்?

2. டிஃபென்சினின் மின்னேற்றம் எதிர்மின்னாக இருந்திருந்தால் அதன் வேலை எவ்வாறு பாதிக்கப்படும்?

3. டிஃபென்சின் குறைவு அழற்சிக்குக் காரணமா, விளைவா என்று முடிவு செய்ய நீங்கள் ஒரு சோதனையை அமைப்பதானால், யாரிடம், எந்தக் காலத்தில் டிஃபென்சினை அளப்பீர்கள்?

மூன்றாவது வினாவை ஆசிரியரிடமும் நண்பர்களிடமும் விவாதித்துப் பாருங்கள். பெரிய ஆய்வுக்கூடங்களில் இருப்பவர்களும் அதே வினாவைத்தான் தங்களுக்குள் விவாதிக்கிறார்கள்.